ஒரு சாண் எஞ்சின்

ஃபேனை நிறுத்தியாயிற்று, ஜன்னலையும் ஒருக்களித்துச் சாத்தியாயிற்று, இனி நிறுத்த வேண்டியது மூச்சு ஒன்றுதான், அதையும் ஒரேயடியாக நிறுத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்வது விரல் நுனி வரைக்கும் வந்துவிடும், பாதியை விட்டுப் பாதியை மூக்கிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்தச் சில மாதங்களில் சென்னியப்பன் கற்றுவைத்திருந்தார். இடுக்கியின் நுனியில் ஒரு பித்தளைக் கம்பித் துண்டு. மூன்று அரிசி நீளம், தலைமயிரை விடக் கொஞ்சம் தடிமன். எஞ்சின் கதவோரத்தில் டிரைவர் பிடித்து ஏறுகிற கைப்பிடி அது. மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, இரண்டும் ஊசி முனையால் போட்டவை. மேல் துளையில் நுழைந்த கம்பி கீழ்த் துளையை நெருங்கும்போது விலகிக்கொண்டது. மறுபடி. கீழே சரியாக வந்தது, மேலே கழன்றது. மறுபடி. புருவத்தில் ஒரு சொட்டு வியர்வை வந்து நின்றது, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. விழுந்தால் நேற்று சாயம் அடித்த கூரைமேல்தான் விழும். துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் எஞ்சின், ஒரு கையில் இடுக்கி. தலையைச் சாய்த்துத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். நிஜக் கைப்பிடி ஆள் உயரத்துக்கு இருக்கும், மழை நாளில் சில்லென்று, சித்திரை வெயிலில் துண்டைச் சுற்றாமல் தொட முடியாதபடி. எத்தனை வருஷம் அதைப் பிடித்து ஏறியிருப்பார், ஒரு நாளாவது அதை யோசித்திருப்பாரா, கை தானாகப் போகும், உடம்பு தானாக ஏறும், கையில் டிபன் பாக்ஸ் இருந்தால்கூட. இப்போது அதன் குட்டியைப் பிடிக்க வேர்க்கிறது. மறுபடி. அப்பாடா. இல்லை, இல்லை, மேலே, சே. மறுபடி.

ஈரோட்டு ரயில்வே காலனி வீட்டின் கூடத்தில், சாப்பாட்டு மேஜையின் பாதியை அந்த எஞ்சின் பிடித்துக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியில்தான் அவரும் ருக்குமணியும் சாப்பிடுகிறார்கள், அதுவும் குழம்புக் கிண்ணத்தை அந்தக் கோடியில் வைத்துக்கொண்டு. நிஜ எஞ்சினின் பக்கத்தில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், இது சரியாக ஒரு சாண். எண்பத்தேழில் ஒரு பங்கு என்று கணக்கு, ஆனால் அவர் கையை விரித்து வைத்துப் பார்த்தபோது கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் அச்சாக இருந்தது, அன்றைக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது, இத்தனை காலம் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத் தன் ஒரு கை தாங்குகிறதே என்று. முதலில் எஞ்சின் செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. தீர்ந்துபோன ரீஃபில் ஒன்றின் முனையைப் பிடுங்கிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவருக்கு அது ஹாரன்போல் பட்டது, குட்டியூண்டு ஹாரன், கூம்பாக, பளபளவென்று. அதை வைக்க ஒரு கூரை வேண்டியிருந்தது. கூரைக்கு நான்கு சுவர். சுவரில் காற்றுப் போக வலை. ருக்குமணியின் டீ வடிகட்டி காணாமல் போனது அப்போதுதான். வளையல் பெட்டியின் கண்ணாடித்தாள் முன் ஜன்னலானது, கொண்டை ஊசி வைப்பரானது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தாரணி லீவுக்கு வந்தவள் பார்த்துவிட்டு, திரும்பிப் போன பிறகு பிளாஸ்டிக் தகடும் பித்தளைக் கம்பியும் ஒரு பொட்டலமாக அனுப்பிவைத்தாள். ஃபோனில் ஒரு வீடியோ இருக்கிறது, எந்த நாட்டு ஆளோ, முகமே தெரியாது, கைகள் மட்டும் வரும், வயதான கைகள், அவை ஒரு ஜன்னல் சட்டத்தை உப்புத்தாளில் தேய்க்கும், தேய்க்கும், தேய்த்துக்கொண்டே இருக்கும், பேச்சு இல்லை, பாட்டு இல்லை. அந்தக் கைகளைப் பார்த்தபடி அவர் தூங்கிப்போன மத்தியானங்கள் உண்டு, அந்த மாதங்களில் அவருக்கு வந்த தூக்கமே அதுதான். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தால் குனிந்து பார்த்துவிட்டு, உங்களுக்கு என்னா பொறுமைங்க, என்பார்கள். பொறுமையா. பஸ் ஐந்து நிமிஷம் தாமதித்தால் நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள் அவர், சோற்றில் ரசம் ஊற்றுவதற்குள் இரண்டு தரம் நிமிர்ந்து பார்க்கிற ஆள். இது பொறுமை இல்லை, இது வேறு, கை இவ்வளவு சின்னதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மனசுக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை, அதுவும் இடுக்கி நுனிக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் பசை காய வேண்டும். அங்கேதான் சிக்கல். பசை தடவி ஒட்டியபின் கைக்கு வேலை இல்லை, காயும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வரும்.

வந்தது. கைப்பிடி இரண்டு துளையிலும் உட்கார்ந்து, ஊசியால் தொட்டு வைத்த பசை கண்ணீர்த் துளிபோல் மின்னிக்கொண்டிருக்க, மாசி மாதத்துக் காலை வந்தது. சேலத்திலிருந்து வண்டியை எடுத்து வந்துகொண்டிருந்தார். முதுகுப் பக்கம் வெயில், முன்னால் தண்டவாளம் இரண்டு கோடாக ஈரமாய் மின்னியது, பக்கத்து இருக்கையில் துணை ஓட்டுநர் சிந்துஜா சிக்னலைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள், பச்சை என்று அவள், பச்சை என்று அவர், மறுபடி பச்சை, பச்சை, அது ஒரு பாட்டுப்போல, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாடுகிற பாட்டு. ஒரு வளைவு. அப்புறம் தூரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. அப்புறம், அப்புறம் வேண்டாம், அப்புறம் எமர்ஜென்சி பிரேக் போட்டாயிற்று. போட்ட பிறகு என்ன என்று கேட்கிறவர்கள் யாரும் எஞ்சினில் ஏறியவர்கள் இல்லை. போட்ட பிறகு ஒன்றுமில்லை. அத்தனை பெட்டியும் அத்தனை ஜனமும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும், சக்கரம் கத்தும், வண்டி தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், ஹாரனை அழுத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கண்ணை மூடக் கூடாது, மூடவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாத நேரம்தான். விசாரித்தவர்கள் உங்கள்மேல் தவறில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள், அது அவருக்கே தெரியும், தவறு இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம். மறு வாரமே வேலைக்குப் போனார். நன்றாகத்தான் ஓட்டினார். பங்குனி கழிந்து ஒரு நாள், ஒரு கேட்டில், கேட் சாத்தித்தான் இருந்தது, சாத்திய கேட்டுக்கு வெளியே ஒரு பெண் கூடையோடு நின்றாள், நகரக்கூட இல்லை, வண்டி போகட்டும் என்று நின்றாள். அவர் கை எமர்ஜென்சிக்குப் போயிற்று. அவர் போகச் சொல்லவில்லை, தானாகப் போயிற்று. நட்ட நடுவே வண்டி நின்றது. பெட்டிகளில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்களாம், ஒரு குழந்தையின் பால் கொட்டிப் போயிற்றாம், சிந்துஜா அவர் தோளைத் தொட்டு, சார், சார், ஒண்ணுமில்லீங்க சார், என்று சொன்னது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது, அந்தப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினையே வாய் பிளந்து பார்த்ததும். அதோடு அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க சென்னியப்பன், நல்லாயிட்டா மறுபடி டெஸ்ட் வெச்சுப் பார்த்துக்கலாம் என்றார் டாக்டர், நல்ல மனிதர். கொஞ்ச நாள் முடிந்துவிட்டது. டெஸ்டுக்கு வருகிறீர்களா, இல்லை ஆபீசில் மேஜை வேலை போடட்டுமா என்று நேற்று ஃபோனில் கேட்டார்கள், நாளைக்குச் சொல்ல வேண்டும். மேஜை வேலை நல்லது. மேஜை வேலையில் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். இன்னும் ருக்குமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் மேஜை வேலை என்பாள், என்பாளா, அல்லது ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்ப்பாள், இப்போதெல்லாம் அவள் பார்க்கிற பார்வை, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற பார்வை. அவளிடம் அந்தக் காலையைப் பற்றியே இன்னும் சொல்லவில்லை. ஒருத்தர் அடிபட்டுட்டார் என்றார், அவ்வளவுதான் சொன்னது. பசை காய்ந்திருக்குமா. தொடாதே. இன்னும் கொஞ்சம். கூரைமேல் பாண்டோ நின்றது, அதைப் பார்த்தாலே மனசு ஆறும். மேலே போகும் மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற மடக்குக் கை அது. இதில் அவர் செய்தவற்றிலேயே அதுதான் அருமை. கம்பியைக் கம்பியோடு சேர்த்து, முழங்கைபோல் மடித்து, தலையில் ஒரு குறுக்குப் பட்டை வைத்து, மூன்று தரம் கெட்டு நாலாந்தரம் வந்தது. வைகாசி முழுக்க அதற்கே போயிற்று. ஊதினால் ஆடும், ஆடி மறுபடி நிற்கும், தும்பியின் கால்போல.

"ஏனுங்க, மோரு." ருக்குமணி சமையலறையிலிருந்து வந்தாள். எப்போதும்போல வாசற்படியிலேயே நின்று, அவர் கை ஓய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் உள்ளே அடியெடுத்து வைத்தாள். டம்ளரை மேஜையின் தன் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். முந்தானையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அந்த நூல்தான். பாண்டோவின் தலையில் மாட்டி, இழுத்து, டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவு சின்னச் சத்தத்தை வேறு யாரும் கேட்டிருக்கவே முடியாது, அவருக்குத் தொண்டைக்குள் கேட்டது. முழங்கை ஒடிந்து, மேல் பாதி முந்தானையில் தொங்கிக்கொண்டு போயிற்று. அவள் உணரவில்லை. இரண்டு எட்டு வைத்த பிறகு அவர் முகத்தைப் பார்த்துத்தான் நின்றாள், குனிந்து பார்த்தாள், பார்த்ததும் அவள் உடம்பு அப்படியே இறுகிப்போயிற்று. இப்போது வரும், என்று அவர் காத்திருந்தார். போன மாதம் அவள் சாயக் குப்பியை நகர்த்தியதற்கு அவர் சுவரில் அடித்துக் கை வீங்கியதே, அந்தக் கோபம் வரும், காதுக்குள் சக்கரம் கத்தும். வைகாசி முழுக்க. மூன்று தரம் கெட்டு நாலாந்தரம். காத்திருந்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். முந்தானையில் தும்பிக் கால் ஆடிக்கொண்டிருந்தது, அவள் மூச்சுக்கு மூச்சு. அவள் மூச்சை விடாமல் இருக்கப் பார்க்கிறாள், பாதி விட்டுப் பாதி பிடித்து, அவரைப்போலவே. இத்தனை நாளும் இந்த வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது தான் மட்டும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அசையாதே ருக்கு, அப்படியே நில்லு. ஒண்ணுமில்ல. நானு எடுக்கறேன்."

"நான் பாக்கலீங்க. சாமி சத்தியமா பாக்கலீங்க."

"தெரியும். நூலு மாட்டீருச்சு. நில்லு."

இடுக்கியால் நூலிலிருந்து அதை விடுவித்து எடுத்தபோது, தன் கை நடுங்கவில்லை என்பதை அவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். ருக்குமணி அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையைத் தொடப் பயந்து புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திட்டீருங்க" என்றாள். "பேசாம மட்டும் இருக்காதீங்க. இந்த ஊட்டுல நானு நடக்கறதே இல்லீங்க, தெரியுமா. காலைத் தூக்கித் தூக்கி வெக்கறேன்."

அவர் மேஜையைப் பார்த்தார். கீழ் முழங்கை கூரையில் நிற்கிறது, மேல் முழங்கை இடுக்கியில் இருக்கிறது. சேர்க்கலாம். ஆனால் இந்த இடத்தில் அவசரப் பசை பிடிக்காது, இரண்டு குழாயிலிருந்தும் பிதுக்கிக் கலக்குகிற பசைதான் வேண்டும், அது இறுகும்வரை கீழே ஒரு கை, மேலே ஒரு கை, பக்கவாட்டில் சாயாமல் இன்னொரு கை. மூன்று தரம் கெட்டதே அந்த மூன்றாவது கை இல்லாமல்தான். "ருக்கு" என்றார். "இங்க வந்து உக்காரு. இதைப் புடிக்கிறியா?"

"நானுங்களா?" அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டாள். "மறுபடியும் ஒடிஞ்சுதுன்னா?"

"ஒடிஞ்சா மறுபடியும் புடிக்கலாம். உக்காரு."

எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவர் பசையைக் கலக்கி ஊசி நுனியில் தொட்டு வைத்தார். அவளுக்கு இன்னொரு இடுக்கி, தாரணி புருவம் திருத்துவதற்கு வாங்கியது. பிடிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தார், அவள் பிடித்தது முறுக்கு மாவைப் பிழிந்து எண்ணெயில் இறக்குவதுபோல, அலட்டல் இல்லாமல், வேண்டிய அளவுக்கு மட்டும் அழுத்தம். முனையும் முனையும் தொட்டன. "அவ்வளவுதான். இனி அசையக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் கையெடுத்தராதே." எவ்வளவு நேரம் என்றாள். இறுகற வரைக்கும் என்றார். அவள் தலையாட்டப் போய், ஆட்டாமல், கண்ணால் சரி என்றாள். இருவர் தலையும் அந்தச் சின்னக் கூரையின் மேல் முட்டுவதுபோல் நெருங்கியிருந்தன, அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசம், வகிட்டில் நரை, இவ்வளவு நரையா, எப்போது வந்தது, இத்தனை கிட்டத்தில் அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. "மூக்கு அரிக்குதுங்க" என்றாள். பொறுத்துக்கோ என்றார். வாசலில் மணி அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சிலிண்டருங்கக்கா!"

"அங்கயே வெச்சுட்டுப் போங்க தம்பி!" என்று தலையைத் திருப்பாமல் கத்தினாள் ருக்குமணி.

"ஓடிபி சொல்லோணுமுங்க!"

"ஃபோனு சமையக்கட்டுல இருக்குது! எந்திரிக்க முடியாது!"

"உடம்புக்குச் சுகமில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறோம்! எஞ்சின் ஓட்டீட்டு இருக்கறோம்!"

வெளியே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அப்பறமா வர்றேனுங்கக்கா என்று குரல் தேய்ந்தது. அவர் வயிற்றில் ஒரு குலுக்கம் கிளம்பியது, சிரிப்பு, சிரித்தால் கை போய்விடும், பல்லைக் கடித்தார், அவளும் உதட்டை மடித்துக்கொண்டாள், தோள் இரண்டும் குலுங்காமல் பார்த்துக்கொண்டு மூக்கால் சிரித்தார்கள், கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு அடங்கியது. பசை இறுகவில்லை. கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரம் வந்துவிட்டது, அந்த ஒன்றுமில்லாத நேரம். அதிலிருந்து எழுந்து முகம் கழுவப் போக முடியாது, வீடியோ பார்க்க முடியாது, அவள் எதிரில் இருக்கிறாள், அவளாலும் எழுந்து போக முடியாது.

"அவர் தாண்டீட்டாரு, ருக்கு" என்றார்.

அவள் யார் என்று கேட்கவில்லை.

"தண்டவாளத்தைத் தாண்டி அக்கட்டால போயிட்டாரு. வெள்ளைச் சட்டை. என்ற வயசு இருக்கும். தூரத்துலயே பாத்துட்டேன், ஹாரன் அடிச்சேன், அவரும் வெசையா நடந்து தாண்டீட்டாரு. நானு அப்பாடான்னு மூச்சு உட்டேன். சிந்துஜாவும் உட்டா, கேட்டுது. அப்பறம் அவர் திரும்பி வந்தாரு."

"ஏனுங்க?"

"செருப்பு." சொல் வாயிலிருந்து வெளியே வந்து மேஜைமேல் விழுந்ததுபோல இருந்தது. இத்தனை மாதமும் மனசு அந்தச் சொல்லுக்கு முந்தின சொல்லோடு நின்று திரும்பிக்கொண்டிருந்தது, வளைவு, வெள்ளைச் சட்டை, அப்புறம், அப்புறம். "ஒத்தைச் செருப்பு தண்டவாளத்துல மாட்டிக் கழண்டிருச்சு. அதை எடுக்கத் திரும்பி வந்தாரு. குனிஞ்சாரு. நான் எமர்ஜென்சி போட்டுட்டேன், ஹாரனை விடல. அவரு குனிஞ்சவரு நிமுந்து என்னையப் பாத்தாரு. எடுத்துட்டுப் போயர்லாம்னு நெனச்சுட்டு இருக்கற மூஞ்சி. பயமே இல்ல ருக்கு. சித்தெ இருங்க, எடுத்துக்கறேன்கற மாதிரி. நானு ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துட்டு மட்டும் இருந்தேன்."

ருக்குமணியின் இடுக்கி அசையவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து மூக்கோரமாக இறங்கி மேலுதட்டில் நின்றது, அதையும் துடைக்கவில்லை. "புதுச் செருப்புங்களா?" என்றாள்.

அவர் யோசித்தார். யாரும் அதைக் கேட்டதில்லை, விசாரித்தவர்கள் வேகம் என்ன, தூரம் என்ன, ஹாரன் எப்போது என்று கேட்டார்கள். "புதுசாத்தான் இருந்துது" என்றார். "மஞ்சள் வாரு."

"யாரோ ஆசையா வாங்கிக் குடுத்திருப்பாங்க" என்றாள். "பாவம். யாராயிருந்தாலும் எடுக்கத்தான் திரும்புவாங்க. நானும் திரும்பியிருப்பேன்." அப்புறம், "ஏனுங்க, இத்தனை நாளும் அந்த மூஞ்சியைத் தனியாவே பாத்துட்டு இருந்தீங்களா?" என்றாள். அவருக்கு அழுகை வந்தது, ஆனால் கை பாட்டுக்குக் கை பிடித்துக்கொண்டிருந்தது, அழுகை தோள் வரைக்கும்தான் வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. இது விசித்திரமாக இருந்தது, அழுதுகொண்டே நடுங்காமல் இருக்க முடியும் என்பது. மூக்குக் கண்ணாடி மங்கிற்று. பாண்டோ மங்கலாய், இரட்டையாய், தண்ணீருக்குள் தெரிந்தது. காத்துக்கொண்டிருப்பது என்றாலே அந்தக் காலை என்று ஆகிவிட்டிருந்தது அவருக்கு, குளிக்கத் தண்ணீர் பிடித்தால் வாளி நிரம்பும்வரை நிற்க முடியாது, ஆனால் இதோ காத்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் செய்யாமல், பார்த்துக்கொண்டு, இங்கே எதுவும் எதன்மேலும் வந்து மோதவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ இறுகிக்கொண்டிருக்கிறது. "நாளைக்குச் சொல்லோணும் ருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்து, டெஸ்ட், மேஜை வேலை எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க என்னுங்க நெனைக்கறீங்க?"

"பயமாத்தான் இருக்குது."

"எனக்குந்தான். நீங்க வண்டிக்குப் போன அத்தனை வருசமும் எனக்குப் பயந்தானுங்க. அதுக்காவ சோறாக்காமயா இருந்தேன்?" என்றாள். பிறகு, "மேஜை வேலைன்னாலும் எனக்குச் சரி. டெஸ்டுக்குப் போறதுன்னாலும் சரி. பெயிலாயிட்டு வந்தாலும் சரி. ஆனா எதுன்னாலும் வாயைத் தொறந்து சொல்லோணும். கை வலிக்குதுங்க, விடலாமா?"

"சித்தெ இரு."

இருந்தார்கள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் மைக்கில் வெண்டைக்காய், கத்தரிக்காய் என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். அவர் இடுக்கியை ஒரு மயிரிழை தளர்த்தினார். நின்றது. இன்னும் தளர்த்தினார். நின்றது. "இப்ப நீ. மெதுவா." அவள் மூச்சைப் பிடித்து, இடுக்கியின் வாயைத் திறந்து, பின்னால் இழுத்துக்கொண்டாள். பாண்டோ அசைந்தது, அசைந்து நின்றது. முழங்கையில் பசை ஒரு குமிழாகத் தெரிந்தது. முன்னைப்போல் மடங்காது, நிமிர்ந்தபடியேதான் இருக்கும், பரவாயில்லை, நிமிர்ந்தபடி இருந்தால்தானே வண்டி ஓடும். ருக்குமணி முதலில் மூக்கைச் சொறிந்தாள், இரண்டு கையாலும், ஆசை தீர. பிறகு குனிந்து, இந்த மாதங்களில் முதல் தடவையாக, எஞ்சினை நன்றாகப் பார்த்தாள். வைப்பரைப் பார்த்து, என்ற ஊசி என்றாள். வலையைப் பார்த்து, என்ற வடிகட்டி என்றாள். கண்ணாடித்தாள் ஜன்னலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, உள்ளே ஆளே இல்லீங்களே."

அவர் திடுக்கிட்டார். இல்லை. சீட் இருக்கிறது, பிரேக் பிடி இருக்கிறது, கடுகளவு மீட்டர் இருக்கிறது, மீட்டரில் முள்கூட வரைந்திருந்தார். ஆள் இல்லை. வைக்க வேண்டும் என்ற நினைப்பே ஒரு நாளும் வரவில்லை. வெறும் எஞ்சினைத்தான் இத்தனை நாளும் இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தாரா. "அப்பறம் யாரு ஓட்டறது?" என்றாள் ருக்குமணி, குற்றம் சொல்வதுபோல அல்ல, வீட்டுக்கு யாராவது வந்தால் பாய் எங்கே என்று கேட்பதுபோல.

"வெக்கோணும்" என்றார். "கம்பியில எலும்பு மாதிரி வளைச்சு, மேல பசையைப் பூசி... விரக்கடையளவுகூட வராது. உக்காந்த மாதிரி பண்ணோணும். எப்படி உக்காருவோம்னு பாக்கோணும்."

"உக்காந்து காட்டுங்க. ஃபோட்டோ எடுத்துத் தர்றேன், அதைப் பாத்துப் பண்ணுங்க. தொப்பையோட பண்ணுங்க, அப்பத்தான் நீங்கன்னு தெரியும்." சமையலறைக்குப் போய் ஃபோனை எடுத்து வந்தாள், காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், கொலுசு கேட்கிற மாதிரி நடந்து. அவர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூச்சமாக இருந்தது. முதுகை நிமிர்த்தினார். ஒரு கை முன்னால் போயிற்று, இல்லாத பிரேக் பிடியின்மேல், விரல்கள் அதன் வளைவை அறிந்து தாமாக மடங்கின. கண்கள் சுவரில் பதிந்தன. வெள்ளைச் சுவர், ஒரு ஆணி, ஆணிக்குக் கீழே பழைய காலண்டரின் தடம். அதற்குள் இரண்டு கோடுகள் ஈரமாய் ஓட ஆரம்பித்தன. "அப்படியே இருங்க" என்றது அவள் குரல், பக்கத்திலிருந்து. வளைவு. வெள்ளைச் சட்டை. அவர் வந்தார், தாண்டினார், நின்றார், திரும்பினார், குனிந்தார், மஞ்சள் வார், நிமிர்ந்து பார்த்தார். சென்னியப்பனும் பார்த்தார். இந்த முறை அவரைப் பார்க்க முடிந்தது, நெற்றியில் விபூதி இருந்ததா, இருந்தது, மீசை நரைத்திருந்தது, எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்பி வந்த மனிதர். போயிட்டு வாங்க, என்று மனசுக்குள் சொன்னார். அதற்கு மேல் தண்டவாளம் போய்க்கொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் அதற்கு மேலும் தண்டவாளம் இருந்தது என்பது நினைவுக்கே வரவில்லை. ஒரு வேப்பமரம், ஒரு பாலம், கீழே தண்ணீர், தூரத்தில் ஒரு சிக்னல், அதன் நிறம் இன்னும் தெரியவில்லை, கிட்டப் போனால்தான் தெரியும். கை பிடியின்மேல் இருந்தது, இறுக்காமல், விடாமல்.

"எடுத்தாச்சுங்க, எந்திரிங்க" என்றாள் ருக்குமணி. அவர் அசையவில்லை. "ஏனுங்க?" கிட்டே வந்து முகத்தைப் பார்த்தாள். "எங்கீங்க இருக்கறீங்க?"

"இரு ருக்கு" என்றார் சென்னியப்பன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வண்டி ஓடீட்டு இருக்குது."